காயா, பழமா? கல்லாங்காட்டில் விளைந்த ஒரு சிவப்பு ஒயினின் கதை

சாசிகாயா. இத்தாலிக்காரர்கள் இந்தப் பெயரைச் சொல்லும்போது நம் காதில் 'காயா, பழமா?' என்பது போலத்தான் விழும். இத்தாலியின் மிகவும் புகழ்பெற்ற, விலையும் கூடிய சிவப்பு ஒயின்களில் ஒன்றின் பெயர் அது. ஆனால் பெயருக்குப் பொருள் கேட்டால் அதில் எந்தப் பகட்டும் இல்லை. 'சாசோ' என்றால் கல். சாசிகாயா என்றால் கல் நிறைந்த இடம். நம்ம ஊரில் கல்லாங்காடு என்று சொல்வோமே, அதேதான்.

கல்லாங்காட்டை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. நெல் வராது, ஏர் இறங்காது. அப்படிப்பட்ட மண்ணின் பெயரையே ஒரு ஒயினுக்கு ஏன் வைத்தார்கள்? அந்தக் கல்லுக்கும் கோப்பையில் இருக்கும் ருசிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? இல்லை, விற்பதற்காகச் சொல்ற கதையா?

ஒரு துளி மதுவும் தொடாதவர்களும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் இந்தத் தோட்டத்தில் வளரும் திராட்சை அந்த ஊர்த் திராட்சை இல்லை. அது பிரான்ஸிலிருந்து வந்த இனம். வேறொரு நாட்டு விதை புது மண்ணில் என்ன ஆகும் என்பது, வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற நமக்குக் கொஞ்சம் பழக்கமான கேள்வியும்கூட.

கடலுக்கும் மலைக்கும் நடுவில்

இத்தாலியின் மேற்குக் கரையில், டஸ்கனி மாநிலத்தின் லிவோர்னோ மாவட்டத்தில் போல்கெரி என்று ஒரு சின்ன கிராமம். மேற்கே திர்ரேனியன் கடல். கிழக்கே காடு மூடிய குன்றுகள். இரண்டுக்கும் நடுவில் மெதுவாக ஏறிக்கொண்டே போகும் சரிவு நிலம். இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டு, கடற்கரையிலிருந்து குன்று வரை நீண்டு கிடக்கிறது 'தெனூத்தா சான் குய்தோ' என்ற பண்ணை. சாசிகாயா விளைவது இங்கேதான்.

டஸ்கனி என்றதும் ஒயின் பிரியர்களுக்கு நினைவுக்கு வருவது உள்நாட்டுப் பகுதிகள்: கியாந்தி, மொன்தால்சினோ. அங்கெல்லாம் நூற்றாண்டுகளாக சாஞ்சோவேசே என்ற உள்ளூர்த் திராட்சைதான் ராஜா. இந்தக் கடற்கரைப் பக்கத்துக்கு அந்தப் பெருமை கிடையாது. மரேம்மா என்று அழைக்கப்பட்ட இந்தக் கரையோரம் நெடுங்காலம் சதுப்பு நிலம். மலேரியா காய்ச்சலுக்குப் பயந்து மக்கள் குன்றுகளின் மேல் குடியிருந்தார்கள். சதுப்பை வடித்து நிலமாக்கிய பிறகும் இது மாடும் குதிரையும் மேயும் பூமியாகத்தான் பெயர் எடுத்தது. உசத்தியான சிவப்பு ஒயின் இங்கிருந்து வரும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

குதிரைக்காரரின் பிடிவாதம்

அப்படிச் சொன்னவர் மாரியோ இன்சிசா தெல்லா ரொக்கெத்தா. 1899-ல் பிறந்தவர், பியத்மாந்து பகுதியைச் சேர்ந்த பிரபுக் குடும்பம். பீசா நகரத்தில் விவசாயம் படித்தவர். அவரைக் குதிரைப் பந்தய உலகத்துக்கு நன்றாகத் தெரியும். ஓடிய 16 பந்தயங்களிலும் ஜெயித்த ரிபோ என்ற குதிரையை வளர்த்த பண்ணையில் அவர் ஒரு பங்குதாரர். போல்கெரி நிலம் அவருடைய மனைவி கிளாரிச்சேயின் குடும்பத்து வழி வந்தது.

படிக்கிற காலத்திலேயே மாரியோவுக்குப் பிரான்ஸின் போர்தோ ஒயின்கள் மேல் ஒரு பிரியம். போர்தோவில் 'கிராவ்' என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அந்தப் பெயருக்கே சரளைக்கல் என்றுதான் பொருள். தன் போல்கெரி நிலத்தில் கால் வைத்தபோது மாரியோவின் கண்ணில் பட்டது அந்தச் சரளை. 'அங்கே இந்த மண்ணில் வருவது இங்கே ஏன் வராது?' என்பதுதான் அவருடைய கேள்வி.

பீசாவுக்குப் பக்கத்தில் மிக்லியாரினோ என்ற இடத்தில் சால்வியாதி என்ற பிரபுக் குடும்பத்தின் பண்ணையில் ஏற்கெனவே கேபர்னே திராட்சை இருந்தது. அங்கிருந்து போத்துகளை வாங்கிவந்து, 1944-ல், போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில், குன்றின் மேல் காஸ்தில்யோன்செல்லோ என்ற இடத்தில் நட்டார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். கடற்காற்று நேராக அடிக்காத, கிழக்கு பார்த்த சரிவு. மொத்தமே ஒன்றரை ஹெக்டேர் அளவுதான்.

முதல் ஒயின் வந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை.

அந்த வட்டாரத்தில் எல்லாரும் குடித்துப் பழகியது இலேசான ஒயின். செய்த வருடமே குடித்துத் தீர்ப்பது. இதுவோ வாயைக் கட்டுகிற துவர்ப்பு. விற்கவில்லை. 1948 முதல் 1967 வரை, கிட்டத்தட்ட இருபது வருடம், அந்த ஒயின் குடும்பத்துக்குள்ளேயேதான் புழங்கியது. ஆனால் மாரியோ ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு வருடமும் சில பெட்டிகளை நிலவறையில் அப்படியே விட்டுவைத்தார். சில வருடம் கழித்துத் திறந்து பார்த்தால், குறை சொல்லப்பட்ட அதே ஒயின் வேறு ஒன்றாக மாறியிருந்தது. காயாக இருந்தது பழமாகியிருந்தது.

நம்பிக்கை வந்த பிறகு, 1960-களில் குன்றிலிருந்து இறங்கி, கீழே கல் அதிகமாக உள்ள இடங்களில் புதிதாக நட்டார். அதில் 12 ஹெக்டேர் துண்டு ஒன்றின் பெயர்தான் சாசிகாயா. ஒயினுக்குப் பெயர் கொடுத்தது அந்தத் துண்டுதான்.

கல் என்ன செய்கிறது?

இங்கே ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துவிட வேண்டும். கல்லில் உள்ள தாது வேர் வழியாக ஏறி, பழத்தில் இறங்கி, கோப்பையில் 'கல் ருசி'யாக வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நேர்வழி எதுவும் இல்லை. செடி மண்ணிலிருந்து எடுப்பது தண்ணீரையும் அதில் கரைந்த சிறிதளவு சத்தையும்தான். பெரும்பாலான கல்லுக்கு ருசியே கிடையாது. திராட்சையின் சர்க்கரை, நிறம், மணம் எல்லாம் செடி தானே சமைத்துக்கொள்வது.

அப்படியென்றால் கல்லுக்கு என்ன வேலை? முதல் வேலை, தண்ணீரை ஓடவிடுவது. 1960-களிலிருந்து போர்தோவில் ஆராய்ந்த ஜெரார் செகான் என்ற அறிஞர் காட்டியதும் இதைத்தான்: நல்ல தோட்டங்களின் மண்ணுக்குள் இருக்கும் ரசாயனப் பொருட்களை விட, அந்த மண் செடிக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் கொடுக்கிறது என்பதுதான் முக்கியம்.

கரிசல் மண்ணை நினைத்துப் பாருங்கள். ஒரு மழை பெய்தால் மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பருத்திக்கு நல்லது. திராட்சைக்கு அவ்வளவு ஈரமும் உரமும் கிடைத்தால் கொடி மதமதவென்று இலை விட்டுப் படரும். உரம் கூடிப்போன கத்தரிச்செடி இலையாக விட்டுக் காய்க்காமல் நிற்பதைத் தோட்டம் வைத்திருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதே கதைதான். பழமும் தண்ணீரால் ஊதிப் பெரிதாகும்.

சரளை மண்ணில் மழை நிற்காது. கோடையில் மேல்மண் காய்ந்துவிடும். கொடி இலை விடுவதை நிறுத்திக்கொண்டு, கையில் இருக்கிற பலத்தைப் பழத்துக்கு அனுப்பும். வேர் ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்கும். பழம் சிறுத்துப்போகும். சிறுத்த பழத்தில் சாற்றுக்குத் தோல் விகிதம் அதிகம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் மணத்தில் பெரும்பகுதியும் இருப்பது தோலில்தான். நாம் வாயில் போட்டுக்கொள்ளும் பன்னீர் திராட்சையின் பக்கத்தில் கேபர்னே பழத்தை வைத்தால் அது ஏதோ காட்டுப்பழம் மாதிரி இருக்கும்: சின்னது, தடித்த தோல், பெரிய விதை.

ஆனால் வெறும் கல் மட்டும் இருந்தால் கோடையில் செடி செத்துவிடும். போல்கெரியின் அதிர்ஷ்டம் அதன் கலவையில் இருக்கிறது. கல்லோடு சுண்ணாம்புப் பாறை உண்டு, இடையிடையே களிமண்ணும் உண்டு. மழை பெய்தால் கல் வடித்துவிடும். மழையே இல்லாத ஜூலை, ஆகஸ்டில் அடியில் உள்ள களிமண் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் கொடுக்கும். செடிக்குத் தாகம் எடுக்கும், ஆனால் சாகாது. தாகத்துக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் நல்ல ஒயின் விளைகிறது.

குடைமிளகாய் வாசமும் கடல் வெளிச்சமும்

மண்ணைச் சொல்லியாச்சு. அது கிடக்கும் இடம்?

கேபர்னே திராட்சைக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. முழுதாகப் பழுக்காவிட்டால் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடிக்கும். உண்மையாகவே குடைமிளகாயில் இருக்கும் அதே வேதிப்பொருள்தான், பைரசின் என்று பெயர். மிகச் சொற்பமாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழம் முற்ற முற்ற, வெயில் கொத்தின் மேல் பட பட, அது குறைந்துகொண்டே வரும். குளிர்ச்சியான மழை வருடங்களில் போர்தோ விவசாயிகளுக்குப் பெரிய கவலை இதுதான்.

போல்கெரியில் அந்தக் கவலை குறைவு. சரிவுகள் பெரும்பாலும் மேற்கும் தென்மேற்கும் பார்த்தவை. மதியத்திலிருந்து சூரியன் மறையும் வரை வெளிச்சம். எதிரே கடல் என்பதால் மறைக்க மலை எதுவும் இல்லை. கற்களும் பகலில் சூடேறி மாலையில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும்.

சூடு மட்டும் இருந்தாலும் ஆபத்து. பழம் சீக்கிரம் இனித்து, புளிப்பு போய், ஜாம் மாதிரி ஆகிவிடும். அங்கேதான் கடல் உதவுகிறது. பகலில் கடற்காற்று வீசி வெப்பத்தைத் தணிக்கும், இலைகளின் ஈரத்தை உலர்த்திப் பூஞ்சை நோயையும் தள்ளிவைக்கும். பின்னாலுள்ள குன்றுகள் வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்கும். இரவில் காட்டிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும். தோட்டத் துண்டுகள் சுமார் 100 மீட்டரிலிருந்து 400 மீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் இருப்பதால் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. கீழே விளைந்ததில் சதைப்பற்று, மேலே விளைந்ததில் புளிப்பும் மணமும். இரண்டையும் கலக்கும்போதுதான் சாசிகாயா.

அதனால்தான் இந்த ஒயினைக் குடித்தவர்கள் பலமாக இருக்கிறது என்பதை விட நேர்த்தியாக இருக்கிறது என்றே அதிகம் சொல்வார்கள். கருந்திராட்சை மணம், மூலிகை வாசம், உயிருள்ள புளிப்பு. துவர்ப்பு உண்டு, ஆனால் பாலில்லாத கடுந்தேநீர் போல நாக்கை இழுக்காது. அறுசுவையில் துவர்ப்புக்கு ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவர்களுக்குத் தெரியும், துவர்ப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு காத்திருக்கும்.

நிலமும் பொழுதும்

இந்த மொத்தச் சேர்க்கைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் 'தெர்வார்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மண், சரிவு, காற்று, மழை, அங்கே வாழும் மனிதரின் கைப்பழக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். இதை வேற எந்த மொழியிலும் சொல்லவே முடியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். தமிழ் இலக்கணம் படித்தவர்கள் சிரிப்பார்கள். திணைக்கு முதற்பொருள் எது என்று கேட்டால் தொல்காப்பியம் சொல்வது இரண்டு: நிலம், பொழுது. அந்த நிலத்தில் வளரும் மரம், பறவை, விலங்கு எல்லாம் கருப்பொருள். அந்தந்தத் திணைக்கு உரிய அக ஒழுக்கம் உரிப்பொருள். இடத்தை மட்டும் பார்க்காமல் பொழுதையும் சேர்த்துப் பார்த்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

ஒயினில் பொழுது என்பது அறுவடை ஆண்டு. 1985 ஜனவரியில் டஸ்கனியில் அடித்த உறைபனியில் ஆலிவ் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. அதே ஆண்டு கோடை அருமையாக அமைந்தது. அந்த 1985 சாசிகாயாவுக்கு அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 100-க்கு 100 கொடுத்தார். 2002-ல் டஸ்கனியில் மழை கொட்டியது. 2003-ல் ஐரோப்பா முழுதும் வெயில் கொளுத்தியது. கல் அதே கல், கொடி அதே கொடி. ஆனால் ஒவ்வொரு வருடமும் வேறு ஒயின். கோடை வெப்பம் ஏறிக்கொண்டே வரும் இந்தக் காலத்தில் ஐரோப்பாவின் திராட்சை விவசாயிகளுக்குப் பழைய கவலை தலைகீழாகிவிட்டது. பழுக்குமா என்று பயந்தவர்கள் இப்போது சீக்கிரம் பழுத்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். உயரமான துண்டுகளுக்கு மதிப்பு கூடுவது அதனால்தான்.

மண் மட்டும் போதுமா?

போதாது. இருபது வருடம் அதே மண்தான் இருந்தது, ஒயின் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

மாரியோவின் மனைவி வழி உறவினர்கள் ஃபிளோரன்ஸின் பழைய ஒயின் குடும்பமான அந்தினோரிகள். அவர்களிடம் வேலை பார்த்த ஜாக்கோமோ தாக்கிஸ் என்ற ஒயின் நிபுணர் இங்கே வந்து கை கொடுத்தார். பழைய மரத்தொட்டிகள் போய், வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய எஃகுத் தொட்டிகள் வந்தன. நொதித்த ஒயினைப் பிரெஞ்சு ஓக் மரத்தில் செய்த சிறு பீப்பாய்களில் சுமார் இரண்டு ஆண்டு வைத்து முதிரவைத்தார்கள். 1968 அறுவடைதான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பத்தே வருடத்தில், 1978-ல், லண்டனில் டிகான்டர் என்ற இதழ் பல நாட்டு கேபர்னே ஒயின்களை வைத்து நடத்திய சுவைத்தேர்வில் 1972 சாசிகாயா முதல் இடம் பிடித்தது. போட்டியில் போர்தோவும் இருந்தது.

வெளியூரில் மாலை விழுந்தாச்சு. சொந்த ஊர்ச் சட்டம் என்ன சொன்னது? இத்தாலியில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எந்தத் திராட்சை, எந்த முறை என்று விதி உண்டு. போல்கெரியில் கேபர்னே போட்டுச் சிவப்பு ஒயின் செய்ய விதியே கிடையாது. அதனால் உலகம் புகழ்ந்த ஒயினின் சீட்டில் 'வீனோ தா தாவொலா' என்று, அதாவது சாதாரண மேசை ஒயின் என்றுதான் அச்சடிக்க வேண்டியிருந்தது. அரசு விதி மாறி போல்கெரி சிவப்பு ஒயினுக்கு அங்கீகாரம் கிடைத்தது 1994-ல். 2013-ல் சாசிகாயாவுக்கே தனியாக ஒரு புவிசார் தகுதி வந்தது. ஒரே பண்ணைக்கு என்று இப்படித் தனித் தகுதி கிடைப்பது அபூர்வம். மாரியோ அதையெல்லாம் பார்க்கவில்லை. 1983-ல் காலமாகிவிட்டார். நடத்தியது மகன் நிக்கோலோ.

இது எந்த ஊர் ஒயின்?

இந்தக் கேள்விக்குத்தான் வரவேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். சாசிகாயாவில் 85 பங்கு கேபர்னே சாவிஞான், 15 பங்கு கேபர்னே ஃபிராங்க். இரண்டும் பிரான்ஸில் பேர் எடுத்தவை. 1990-களில் மரபணு சோதனை செய்து பார்த்தபோது ஃபிராங்க்தான் சாவிஞானைப் பெற்றவர்களில் ஒன்று என்று தெரிந்தது. ஆக, ஒரு புட்டிக்குள் பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை அழித்தபோது, அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். ஒட்டு மாங்கன்று மாதிரிதான். இன்றைக்கு ஐரோப்பாவின் ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் இதுதான் நிலை. பூமிக்குள் அமெரிக்க வேர், பூமிக்கு மேல் பிரெஞ்சுக் கொடி, சுற்றிலும் டஸ்கனி மண். இதில் எந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'இதுதான் அசல்' என்று சொல்வது?

கோப்பையை முகர்ந்து பார்த்தவர்களில் பலர் இதைப் போர்தோ என்று சொல்வதில்லை. கலிஃபோர்னியா என்றும் சொல்வதில்லை. போல்கெரி என்கிறார்கள். அதே இனம், அதே போத்து. ஆனால் இந்தக் கல்லும் இந்தக் கடற்காற்றும் அதற்கு வேறு ஒரு குணம் கொடுத்துவிட்டன. அதற்காக அது கேபர்னே இல்லாமல் போய்விடவும் இல்லை. நுட்பமாகப் பார்த்தால் அந்தக் குடைமிளகாய்க் குடும்பத்தின் மூலிகை வாசம் மெலிதாக இன்னும் இருக்கும்.

நம் பிள்ளைகளிடம் 'நீ எந்த ஊர்?' என்று யாராவது கேட்கும்போது அவர்கள் ஒரு நொடி தயங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். நம்மிடம் கேட்டபோது நாமும் அப்படித் தயங்கியவர்கள்தான். பிள்ளைகளைக் கொடிகளோடு ஒப்பிடுவதற்கு ஒரு எல்லை உண்டு, தெரியும். ஆனாலும் சட்டம் ஒப்புக்கொள்ள ஐம்பது வருடம் ஆன பிறகும் அந்தக் கொடி பழுத்துக்கொண்டேதான் இருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம். அதை விட முக்கியமாக, துவர்த்த காலத்தில் மாரியோ கொடியைப் பிடுங்கிப் போடவில்லை. சில பெட்டிகளை எடுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

போய்ப் பார்க்க நினைத்தால்

டஸ்கனி போகிற குடும்பங்கள் ஃபிளோரன்ஸும் பீசாவும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பீசாவிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே இறங்கினால் போல்கெரி. சான் குய்தோ என்ற எண்கோண வடிவத் தேவாலயத்திலிருந்து கிராமம் வரை கிட்டத்தட்ட 5 கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் வரிசைகட்டி நிற்கும் நேர்ச்சாலை ஒன்று இருக்கிறது. சிறுவயதில் இங்கே வாழ்ந்த கவிஞர் ஜொசுவே கார்துச்சி இந்த மரங்களைப் பாடியதால் இத்தாலியப் பள்ளிப்பிள்ளைகளுக்கு இது பழகிய இடம். 1906-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறுவருடமே பக்கத்து ஊரான காஸ்தாஞேத்தோ தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது. பண்ணையின் கடற்கரைப் பக்கத்தில் பறவைகளுக்கான சதுப்புநிலச் சரணாலயமும் உண்டு.

திராட்சைத் தோட்டங்கள் தனியார் நிலம், உள்ளே இறங்கக் கூடாது. ஆனால் வழியோரத்திலேயே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கி, வேலிக்கு வெளியே கிடக்கும் ஒரு கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கும் அது சூடாக இருக்கும்.